சுற்றுச்சூழல் கல்வி (இந்திய இளநிலைப் பட்டப்படிப்பு)

சுற்றுச்சூழல் கல்வி என்பது இந்தியாவில் இளநிலைப் பட்டப்படிப்பு பயிலும் அனைத்துத் துறை மாணவர்களுக்கும் உரிய கட்டாயப் பொதுப் பாடம் ஆகும். சூழலியலைச் சிறப்புப் பாடமாகக் கொள்ளாத வணிகவியல், பொறியியல், மொழி, வரலாறு முதலிய துறைகளின் மாணவர்களும் இதனைப் பயில்கின்றனர்.

பின்னணி

இயற்கைச் சூழலைப் பேணுதல் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக 1976 ஆம் ஆண்டு 42 ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. எனினும் அக்கடமையை அறிந்தோர் சிலரே. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், சட்டத்தின்படி மக்கள் நடக்க வேண்டுமாயின் முதலில் விழிப்புணர்வு வேண்டும் எனக் கருதிய உச்ச நீதிமன்றம், 1991 நவம்பர் 22 அன்று பள்ளி, கல்லூரிகளில் இதனைக் கட்டாயப் பாடமாக்க அறிவுறுத்தியது. நடைமுறைப்படுத்தல் தாமதமானதால் 2003 இல் மீண்டும் ஆணை பிறப்பித்தது. இதையடுத்து பல்கலைக்கழக மானியக் குழு ஆறு மாதப் பாடத்திட்டத்தை வகுத்தது. இதற்கான பாடநூலை எரக் பரூச்சா எழுதினார்.

பாடத்திட்டம்

முதல் பாடத்திட்டம் 8 அலகுகளையும் 50 விரிவுரைகளையும் கொண்டிருந்தது. இயற்கை வளங்கள், சூழல் மண்டலங்கள், பல்லுயிர் வளம், மாசடைதல், சமூகச் சிக்கல்கள், மக்கள்தொகை ஆகியன முதன்மைத் தலைப்புகள். எட்டாவது அலகு களப்பணி. அருகிலுள்ள ஆறு, குளம், குன்று அல்லது மாசடைந்த இடம் ஒன்றை நேரில் கண்டு பதிவு செய்தல் இதில் அடங்கும். 100 மதிப்பெண்களில் 75 எழுத்துத் தேர்வுக்கும் 25 களப்பணிக்கும் ஒதுக்கப்பட்டன.

தேவையும் சிக்கலும்

ஏரிப்படுகையில் கட்டடம் எழுப்பலாமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வோர் சூழலியலாளர் அல்லர். பொறியாளர், வங்கியாளர், ஆட்சியாளர் ஆகியோரே. வெள்ளநீர் எங்கு தேங்கும், எவ்வழியே வடியும் என்பதை அவர்கள் அறியாவிடின் அதன் விளைவை ஏரியைச் சுற்றி வாழ்வோர் ஏற்க நேரிடும். பிற துறை மாணவர்களுக்கு இப்பாடம் வேண்டும் என்பதன் அடிப்படை இதுவே.

தேர்ச்சி பெற்றால் போதும் என்ற எண்ணத்துடன் வரையறைகளை மனனம் செய்து எழுதினால் இந்நோக்கம் நிறைவேறாது. களப்பணி அறிக்கை பிறரைப் பார்த்து எழுதப்படுமாயின், தம் ஊர்க் குளத்தின் நிலையை மாணவர் அறியாமலேயே பட்டம் பெறுவர். மாறாக, வேதியியல் மாணவர் அக்குளத்து நீரைச் சோதிக்கலாம்; வரலாற்று மாணவர் அதன் பழைய எல்லையை ஆவணங்களில் தேடலாம்; வணிகவியல் மாணவர் தூர்வாரும் செலவைக் கணக்கிடலாம். இவ்வாறு இப்பாடத்தை அவரவர் துறையுடன் இணைக்க இயலும்.

அண்மைய மாற்றங்கள்

2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்கு ஏற்ப, மானியக் குழு 2023 இல் புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. காலநிலை மாற்றம், கழிவு மேலாண்மை, வளங்குன்றா வளர்ச்சி ஆகியவை அவற்றில் இடம்பெற்றுள்ளன.