கடலில் போகும் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இந்தியக் கடற்படை அதிகாரிகளான தில்னாவும் ரூபாவும் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தில்னா கேரளத்துக்காரர். ரூபா நம் புதுச்சேரிக்காரர். ‘தாரிணி’ என்ற படகில் 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டவர்கள், 2025 மே 29ஆம் தேதி கோவாவுக்கே திரும்பினார்கள். வழியில் நான்கு துறைமுகங்களில் மட்டுமே நின்றார்கள். நியூசிலாந்திலிருந்து ஃபாக்லாந்து தீவுகளுக்குப் போன பகுதியில் மட்டும் ஒன்றரை மாதம் கரையையே தொடவில்லை.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கு 45 நாளைக்கு எவ்வளவு? 360 லிட்டர். அதன் எடை 360 கிலோ! குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ என்று சேர்த்தால் படகு தாங்குமா? கரை தொடாமல் நெடுந்தூரம் போகும் எந்தப் பாய்மரப் படகுக்கும் இதே கவலைதான்.

“சுற்றிலும் கடல்தானே, அதையே குடித்தால் என்ன?” என்று கேட்பீர்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் சிறுநீரகம் எவ்வளவு பாடுபட்டாலும் ஒரு லிட்டர் சிறுநீரில் ஏறக்குறைய 20 கிராம் உப்பைத்தான் வெளியேற்றும். ஆக, ஒரு லிட்டர் கடல்நீர் குடித்தால் அந்த உப்பைக் கழிக்க ஒன்றரை லிட்டருக்கு மேல் சிறுநீர் போகவேண்டும். மிச்சத் தண்ணீரை உடல் தன்னிடமிருந்தே எடுத்துக் கொடுக்கும். குடிக்கக் குடிக்க உடல் வறண்டுதான் போகும்.

அதனால் பல படகுகளில் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருக்கும். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள, அம்மா மாங்காய் ஊறுகாய் போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நறுக்கிய துண்டுகளில் உப்பைப் பிசறி வைத்தால், சற்று நேரத்தில் மாங்காய் தண்ணீர் விட்டுக் கிடக்கும். உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் மெல்லிய சவ்வைக் கடந்து போவதுதான் இயல்பு. இதைச் சவ்வூடுபரவல் என்கிறோம். படகுக் கருவி இதைத் தலைகீழாக நடத்துகிறது. காற்றழுத்தத்தைப் போல சுமார் 55 மடங்கு அழுத்தத்தில் கடல்நீரைச் சவ்வின் மேல் தள்ளுகிறது. தண்ணீர் சவ்வைக் கடந்து வந்துவிடும். உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும். உள்ளே எடுத்த கடல்நீரில் சிறு பங்குதான் நல்ல தண்ணீராகிறது. மீதி, உப்பு கூடிய நீராகக் கடலுக்கே திரும்பும்.

கருவி பழுதானால்? அனுபவசாலிகள் தண்ணீரை ஒரே தொட்டியில் வைப்பதில்லை. ஒன்று கெட்டாலும் இன்னொன்று கைகொடுக்க வேண்டுமே! மழை பெய்தால் பாயில் வழியும் நீரை வாளியில் பிடிப்பார்கள். முதலில் வரும் நீர் பாயில் படிந்த உப்பைக் கழுவிக்கொண்டு வரும். அதை விட்டுவிட்டு அடுத்து வருவதைத்தான் பிடிப்பார்கள். பாத்திரங்களைக் கடல்நீரில் கழுவி, கடைசியில் மட்டும் ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசுவார்கள்.

கழிப்பறைக்கு நல்ல தண்ணீரைச் செலவழிப்பார்களா? பெரும்பாலான படகுகளில் கடல்நீர்தான். கோப்பையின் பக்கத்தில் ஒரு கைப்பம்பு இருக்கும். அதை அடித்தால் கடல்நீர் ஒரு குழாய் வழியே உள்ளே வரும்; கழிவு இன்னொரு குழாய் வழியே போகும். இதில் ஓர் ஆபத்து உண்டு. கோப்பை பெரும்பாலும் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும். குழாயில் ஒருமுறை நீரோட்டம் தொடங்கிவிட்டால், பம்பு அடிக்காமலே கடல் தானாக உள்ளே வந்துகொண்டிருக்கும். நீர் நிரம்பிய குழாயின் ஒரு முனையை வாளித் தண்ணீரில் முக்கி, மறுமுனையைத் தாழ்த்தினால் தண்ணீர் கொட்டுகிறதே, அதே விதிதான். இப்படிப் படகு மூழ்கிப்போகவும் கூடும். இதைத் தடுக்க, குழாயைக் கடல்மட்டத்துக்கு மேலே தூக்கி வளைத்து, வளைவின் உச்சியில் காற்று நுழைய ஒரு சிறு வால்வை வைக்கிறார்கள். காற்று புகுந்ததும் நீரோட்டம் அறுந்துவிடும். போதாதென்று, வேலை முடிந்ததும் படகின் அடியில் உள்ள வால்வையும் மூடிவிடுவார்கள்.

குழாயில் தேங்கிய கடல்நீர் சில நாளில் அழுகிய முட்டை போல நாறும். கடல்நீரில் சல்பேட் என்ற உப்பு நிறைய இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. நாற்றம் அந்த வாயுவுடையது.

சரி, கழிவு எங்கே போகிறது? நடுக்கடலில் அது வெகுவிரைவில் கலந்து கரைந்து, நுண்ணுயிர்களுக்கு உணவாகிவிடும். ஆனால் துறைமுகத்தில் நீர் அவ்வளவாக ஓடாது. அங்கே விட்டால் நோய்க்கிருமிகள் பரவும். கழிவின் சத்தைத் தின்று பாசி பெருகும். அந்தப் பாசி செத்து அழுகும்போது நீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மடியும். அதனால்தான் ‘மார்போல்’ என்ற உலக ஒப்பந்தம், சுத்திகரிக்காத கழிவைப் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு, அதாவது சுமார் 22 கிலோமீட்டருக்கு, அப்பால்தான் விடலாம் என்கிறது. சிறு படகுகள் பலவற்றில் கழிவைச் சேர்த்து வைக்கத் தனித் தொட்டி இருக்கும். கரைக்கு வந்ததும் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்துவிடுவார்கள்.

படகில் இருப்பவர்களுக்குத் தங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்பது நன்றாகத் தெரியும். அது தெரியாமல் அங்கே ஒரு நாள்கூடக் காலம் தள்ள முடியாது. நமக்குத் தெரியுமா? இன்றைக்கே வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் குழாய்த் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த ஏரியிலிருந்து வருகிறது? நம் கழிப்பறைத் தொட்டியை எப்போது சுத்தம் செய்தோம், எடுத்த கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள்? கிடைக்கும் பதிலை நோட்டில் எழுதி, வகுப்பில் ஆசிரியரிடம் காட்டிப் பேசுங்கள்.