டிலோஃபில்லம்: தெரணிக் களிமண்ணில் பதிந்த இலை

இலைப் புதைபடிவம்
தெரணி, பெரம்பலூர் மாவட்டம்
கிரெட்டேசியக் காலத்தின் முற்பகுதி, 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது

சமயபுரத்திலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால் பாடாலூர். அதை அடுத்த தெரணியில் வெட்டியெடுக்கப்படும் வெண்களிமண்ணில் இத்தகைய இலைகள் கிடைக்கின்றன.

பார்வைக்கு ஈச்சங்கீற்றுப் போல இருந்தாலும் இது பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. பூக்கும் தாவரமும் அல்ல. நடுக்காம்பை உற்றுப் பாருங்கள். சிற்றிலைகள் காம்பின் பக்கவாட்டில் ஒட்டாமல், அதன் மேற்பரப்பில் ஏறி அமர்ந்துள்ளன. ஒவ்வொன்றிலும் நரம்புகள் ஏறக்குறைய இணைகோடுகளாக ஓடுகின்றன. இந்த இரண்டு அடையாளங்களும்தான் இதை இனங்காண உதவுகின்றன.

கட்ச் பகுதியில் கிடைத்த இலைகளைக் கொண்டு 1840-இல் ஜான் மோரிஸ் இப்பேரினத்துக்குப் பெயரிட்டார். இலை, தண்டு, இனப்பெருக்க உறுப்பு எல்லாம் தனித்தனியாகவே புதைந்து கிடைப்பதால் முழுச் செடியை அறிவது அரிய வேலை. ராஜ்மகால் குன்றுகளின் புதைபடிவங்களைப் பொருத்தி, இவ்வகை இலை தாங்கிய ஒரு சிறுமரத்தின் உருவத்தை 1932-இல் பீர்பால் சாஹ்னி வரைந்து காட்டினார். பெனட்டிட்டேல்ஸ் என்னும் இத்தாவர வரிசையில் இன்று உலகில் ஒரு செடிகூட உயிருடன் இல்லை.

இந்த இலைகள் படிந்த பிறகே இப்பகுதிக்குள் கடல் புகுந்தது. அக்கடலின் படிவுகள் அருகிலுள்ள ஊரின் பெயரால் ஊட்டத்தூர்த் தொகுதி எனப்படுகின்றன.

களிமண் மென்மையானது, விரல் பட்டால் நரம்புக் கோடுகள் அழிந்துவிடும். தொடாமல் பார்க்கவும்.