மாவுத் தூக்கும் மஞ்சள் சீட்டும்

இட்லி மாவை யாரும் பொங்க வைப்பதில்லை. அரிசியையும் உளுந்தையும் ஊறப்போடுகிறோம், அரைக்கிறோம், உப்புப் போட்டுக் கையால் கரைக்கிறோம், மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போகிறோம். மிச்ச வேலை நம்முடையது இல்லை. அரிசியோடும் உளுந்தோடும் கூடவே வந்த நுண்ணுயிர்கள் ராத்திரி முழுக்க மாவைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கிறது. காலையில் பார்த்தால் தூக்கின் மூடி நகர்ந்திருக்கிறது. எவ்வளவு பெரிய சமையற்காரராக இருந்தாலும் அதட்டி உருட்டி மாவை அரை அங்குலம் எழுப்ப முடியாது.

ஒரு கம்பெனிக்குள் புதுச் சரக்கு தொடர்ந்து பிறப்பது எப்படி என்று கேட்டால் நான் இந்தத் தூக்கைத்தான் காட்டுவேன். கூடவே ஒரு கம்பெனியையும் காட்டலாம்: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரை ஒட்டி இருக்கும் த்ரீ எம். ஆபீஸில் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமே மஞ்சள் சீட்டு, போஸ்ட்-இட், அது அவர்கள் சரக்கு.

மாவு கரைக்கிறவர்கள் முதலில் பார்ப்பது பாத்திரத்தின் அளவை. பாதிக்கு மேல் ஊற்றினால் காலையில் மேடையெல்லாம் வழிந்து கிடக்கும். புதிதாகக் கல்யாணமானவர்கள் ஒரு தடவையாவது அந்த மேடையைத் துடைத்திருப்பார்கள். காலி இடம் வீண் இல்லை, எழும்புவதற்கான இடம். த்ரீ எம் இந்த இடத்தைக் கண்டுகொண்டது ஒரு தகராறில்.

1902இல் 5 பேர் குருந்தக்கல் வெட்டி விற்கலாம் என்று தொடங்கிய கம்பெனி அது. வெட்டியெடுத்த கல் குருந்தமே இல்லை. வேறு வழியில்லாமல் உப்புத்தாள் செய்ய இறங்கினார்கள். 1921இல் அங்கே ஆய்வக உதவியாளராகச் சேர்ந்த ரிச்சர்ட் ட்ரூ, புது உப்புத்தாளைக் கார் பெயின்ட் அடிக்கும் பட்டறைகளுக்குக் கொண்டுபோய்ச் சோதிப்பார். அப்போது இரண்டு வண்ணக் கார்கள்தான் மோஸ்தர். ஒரு வண்ணம் அடித்து, அதன்மேல் தாளை ஒட்டி மறைத்து, அடுத்த வண்ணம் அடித்து, தாளை உரித்தால் கீழே இருந்த பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வரும். பட்டறைக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அதைக் கேட்ட ட்ரூ, உரித்தால் பெயின்ட்டைப் பெயர்க்காத டேப் ஒன்றைச் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். எப்படிச் செய்வது என்று அவருக்குத் தெரியாது.

மாதங்கள் ஓடின. ஒன்றும் சரியாக வரவில்லை. கம்பெனியை நடத்திய வில்லியம் மெக்நைட், இதை விட்டுவிட்டு உப்புத்தாள் வேலையைப் பார் என்றார். ட்ரூ கொஞ்ச நாள் தலையாட்டிவிட்டு மறுபடி டேப்புக்கே போனார். மெக்நைட் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு இயந்திரம் வாங்கப் பணம் கேட்டபோது மறுத்தார்கள். ட்ரூவுக்கோ 100 டாலர் வரை தானே கையெழுத்துப் போட அதிகாரம் இருந்தது. 99 டாலர், 99 டாலர் என்று சீட்டுப் போட்டே இயந்திரத்தைச் சேர்த்துவிட்டார் என்பது அந்தக் கம்பெனியில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. 1925இல் மாஸ்க்கிங் டேப் வந்தது. 1930இல் அதே ட்ரூவின் கையிலிருந்து, நாம் பார்சலில் ஒட்டும் செல்லோபேன் டேப்பும் வந்தது.

மெக்நைட் சாதாரண ஆள் இல்லை. 1907இல் உதவிக் கணக்கராகச் சேர்ந்து மேலே வந்தவர். பைசா பைசாவாகக் கணக்குப் பார்ப்பவர். அப்படிப்பட்டவர் அந்த 99 டாலர் சீட்டுகளுக்கு ட்ரூவின் சீட்டைக் கிழிக்கவில்லை என்பதுதான் எனக்கு டேப்பைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. அவருடைய உத்தரவு தப்பு என்று ஒரு டேப் நிரூபித்துவிட்டது. அவர் அதை ஒப்புக்கொண்டு விதியாகவும் ஆக்கினார். 1948 முதல் த்ரீ எம்மின் ஆய்வாளர்கள் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைத் தங்களுக்குப் பிடித்த யோசனையில் செலவிடலாம். மேலாளரிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தூக்கில் விட்ட காலி இடம் அதுதான்.

ஆனால் காலி இடம் மட்டும் போதாது. உப்புப் போட்ட மாவைக் கரண்டியால் கலக்காமல் கையை விட்டுக் கரைக்கச் சொல்வார்கள். கைச்சூடு பட்டால் நன்றாகப் புளிக்கும் என்பது வீட்டு நம்பிக்கை. அது எவ்வளவு நிஜமோ, அரிசி மாவும் உளுந்து மாவும் தனித்தனியாக இருந்தால் இட்லி இல்லை என்பது நிச்சயம். போஸ்ட்-இட் கதை முழுக்கவே இந்தக் கரைசல்தான்.

1968இல் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் மிகப் பலமான பசை ஒன்றைத் தேடினார். கிடைத்தது சோதாப் பசை. ஒட்டும், இழுத்தால் வந்துவிடும், மறுபடி ஒட்டும். மிகச் சின்னச் சின்ன உருண்டைகளாக இருந்ததால் அப்படி. எதற்கும் உதவாத பசை. சில்வருக்கோ அதை விட மனமில்லை. கம்பெனிக்குள்ளேயே கூட்டம் போட்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வருடக்கணக்காக அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கூட்டத்துக்கு வேறு பிரிவைச் சேர்ந்த ஆர்ட் ஃப்ரை வந்தார். அவர் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளம் வைத்த துண்டுத் தாள்கள் சரியாகப் பாட எழுந்திருக்கும் நேரத்தில் கீழே விழும். 1974இல் ஒருநாள் அந்தத் தாளும் சில்வரின் பசையும் அவர் மனதில் ஒட்டிக்கொண்டன.

சில்வர் தனியாக இருந்திருந்தால் அது வெறும் மாவு. ஃப்ரை தனியாக இருந்திருந்தாலும் அப்படித்தான். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தது, ஆய்வாளர்கள் பிரிவு தாண்டிப் பேசிக்கொள்ளட்டும் என்று அந்தக் கம்பெனி 1951இல் தொடங்கிய தொழில்நுட்ப மன்றம் போன்ற ஏற்பாடுகள். பல ஆபீஸ்களில் 15 சதவீதம் கொடுப்பார்கள். ஆனால் பக்கத்து மாடிக்காரனோடு பேச மெயில் அனுப்பி அனுமதி வாங்கச் சொல்வார்கள். மாவு புளிக்கும், பொங்காது.

அடுத்து வந்தது தோசைக்கல் பிரச்சினை. புதுக் கல்லில் தோசை வார்த்தால் பாதி கல்லோடு நின்றுவிடும். எண்ணெய் தொட்ட பாதி வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துக் கல்லைப் பழக்க வேண்டும். ஃப்ரையின் சீட்டும் அப்படித்தான் அடம்பிடித்தது. பசை தன் தாளை விட்டு எதிரே இருந்த பக்கத்தில் தங்கிவிட்டது. ராஜர் மெரில், ஹென்றி கோர்ட்னி என்ற இரண்டு பேர், பசையைத் தன் தாளிலேயே பிடித்து வைக்கும் ஒரு அடிப்பூச்சைக் கண்டுபிடித்தார்கள். போஸ்ட்-இட் கதையைச் சொல்கிறவர்கள் சர்ச் பாடகர் குழுவையும் பாட்டுப் புத்தகத்தையும் சொல்வார்கள், இந்த இருவரை விட்டுவிடுவார்கள். வெங்காயம் தேய்த்தவரை எந்த விருந்தில் யார் நினைத்தார்கள்?

1977இல் 4 நகரங்களில் வேறு பெயரில் விற்றுப் பார்த்தார்கள். ஈ ஓட்ட வேண்டியிருந்தது. விளம்பரத்தைப் படித்தவர்களுக்கு, துண்டுச் சீட்டுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்றுதான் தோன்றியது. இந்த இடத்தில், ருசி பார்க்க ஒரு துண்டு சும்மா கொடுக்கும் மிட்டாய்க்கடைக்காரர் செய்வதைச் செய்தார்கள். அடுத்த வருடம் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கட்டுக் கட்டாகச் சும்மா கொடுத்தார்கள். வாயில் போட்டவர்கள் கடைக்குத் திரும்பி வந்தார்கள். பயன்படுத்திப் பார்த்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் வாங்குவோம் என்றார்கள். 1980இல் அமெரிக்கா முழுதும் விற்பனைக்கு வந்தது. சில்வரின் சோதாப் பசைக்கு அப்போது 12 வயது.

12 வருடம் யார் காத்திருப்பார்கள் என்று கேட்கிற முதலாளிகளுக்காகத்தான் ஈனோ இருக்கிறது. ரவையில் ஒரு பாக்கெட்டைக் கொட்டினால் கண்ணெதிரே நுரைத்து எழும்பும், அரை மணியில் இட்லி ரெடி. வருடத்துக்கு ஒருமுறை ஹேக்கத்தான் வைத்து, பீட்சா வாங்கிக் கொடுத்து, மேடையில் பெரிய அட்டைக் காசோலையோடு போட்டோ எடுப்பது இந்த ரகம். தப்பில்லை, அவசரத்துக்கு நானும் செய்கிறேன். ஆனால் அதில் ஒரு கரண்டி எடுத்து வைத்து நாளைய மாவைப் புளிக்க வைக்க முடியாது. பழைய மாவு ஒரு கரண்டி கலந்தால் புது மாவு சீக்கிரம் பொங்கும் என்பது சமையலறையில் எல்லோரும் அறிந்தது. த்ரீ எம்மில் அந்தக் கரண்டி, ட்ரூவின் 99 டாலர் கதை. சில்வர் 6 வருடம் ஒன்றும் விற்காமல் பேசித் திரிந்தும் வேலை போகவில்லை என்றால், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்தப் புளிப்பு ஒரு காரணம்.

சும்மா விட்டால் மாவு பொங்குவதோடு நிற்காது, புளித்து நாறும். காலையில் தட்டோடு நாலு பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவின் விற்பனையிலும் 30 சதவீதம் கடந்த 4 வருடத்தில் வந்த சரக்கிலிருந்து வர வேண்டும் என்று த்ரீ எம் ஒரு இலக்கு வைத்திருந்தது. இந்தப் பக்கம் பொறுமை, அந்தப் பக்கம் அவசரம். இரண்டையும் ஒரே வீட்டில் வைப்பதுதான் கஷ்டம்.

பிறகு குளிர் வந்தது. மினசோட்டாவின் குளிரைச் சொல்லவில்லை. அந்த மாதிரி ஊர்களில் இருக்கும் நம்மவர்கள் மாவை ஓவனுக்குள் வைத்து, அடுப்பைப் பற்றவைக்காமல் விளக்கை மட்டும் போட்டு அதைச் சமாளித்துவிடுகிறார்கள். நான் சொல்வது கம்பெனிக்குள் வந்த குளிரை. 2001இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலிருந்து ஜேம்ஸ் மெக்நெர்னி தலைமைக்கு வந்தார். சிக்ஸ் சிக்மாவைக் கொண்டுவந்தார். எங்கே வீணாகிறது, எங்கே ஏற்ற இறக்கம் என்று அளந்து அளந்து ஒழிக்கும் முறை. தொழிற்சாலைக்கு அது அருமருந்து. இட்லிக் கொப்பரைக்கு அந்தக் கண்டிப்பு வேண்டும். தண்ணீர் கொதித்த பிறகுதான் தட்டை வைக்க வேண்டும், நேரம் பார்த்து இறக்க வேண்டும், நூறாவது இட்லியும் முதல் இட்லி மாதிரியே இருக்க வேண்டும். கோளாறு எங்கே என்றால், அதே அளவுகோலை ஆய்வகத்துக்குள்ளும் கொண்டுபோனார்கள். பிறக்காத பொருளுக்குச் சந்தை எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று படிவம் நிரப்பச் சொன்னார்கள். 1968இல் சில்வரிடம் அந்தப் படிவத்தைக் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்?

ஃபிரிட்ஜில் வைத்த மாவு சீக்கிரம் கெடாது. அதுதான் அதில் உள்ள ஏமாற்று. முதல் இரண்டு மூன்று நாள் இட்லி வழக்கத்தைவிட நன்றாகவே வரும், ஏனென்றால் ஏற்கெனவே பொங்கியதைத்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். த்ரீ எம்மின் லாப விகிதம் 2001இல் 17 சதவீதமாக இருந்தது 2005இல் 23 ஆனது. பங்குச் சந்தை கைதட்டியது. மற்றொரு எண்ணை அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை. புதிய சரக்கிலிருந்து வரும் விற்பனை, முன்பு மூன்றில் ஒரு பங்காக இருந்தது, நான்கில் ஒன்றாகச் சுருங்கியது.

மெக்நெர்னி 2005இல் போயிங்குக்குப் போனார். அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி, பொறியாளராகத் தொடங்கியவர். அவர் சிக்ஸ் சிக்மாவைக் குப்பையில் போடவில்லை. தொழிற்சாலைகளில் அப்படியே நடக்கவிட்டார், ஆய்வகங்களில் மட்டும் பிடியைத் தளர்த்தினார், ஆராய்ச்சிக்குப் பணத்தைக் கூட்டினார். கொப்பரை அடுப்பிலேயே இருந்தது. மாவுத் தூக்கை மட்டும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்தார்.