ஒடியற் கூழ்

பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். கூழுக்கு உரியது முன்னையதே. அதன் மாவை நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்துக் கசப்பை நீக்கிய பின்னரே கொதிக்கும் பானையிற் கரைத்து விடுதல் வேண்டும். அவசரக்காரருக்கு இவ்வுணவு ஆகாது.

மீனும் நண்டும் இறாலும் இட்டுக் காய்ச்சுவோரே பலர். மரக்கறிக்காரராகிய எமக்குப் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் முருங்கையிலையும் போதும். சுவையில் நாம் தோற்றவரல்லர்! பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்ந்து மணக்கும்போது அயலாரும் வந்துவிடுவர். முற்றத்தில் வட்டமாக அமர்ந்து, பனையோலைப் பிளாவில் ஏந்திச் சுடச்சுடக் குடிப்பதே முறை.

பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ, முதியோர் இருவரே எஞ்சிய வீடுகள் இன்று யாழ்ப்பாணத்திற் பல. இருவருக்கென்று கூழ் காய்ச்சுவார் யார்? ஒடியலை இடித்து, அரித்து, பொதிசெய்து பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுகின்றனர். பெரிய பானை பரணிலேயே இருக்கிறது.