முதல் மூச்சுக்கு ஒரு நிமிடம்

வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலே புறநானூற்றின் 74-ஆம் பாட்டைப் படிக்குந்தோறும் என் எண்ணம் பிரசவ அறைக்குச் சென்றுவிடுகின்றது. சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, இறந்து பிறந்த மகவையும் வாளாற் கீறும் தன் குலவழக்கை அங்கே நினைவுகூருகின்றான். மானத்தைப் பேசும் பாட்டு அது. ஆயினும் எனக்கோர் ஐயம்: அக்காலத்தில் இறந்ததெனக் கருதப்பட்ட மகவுகள் யாவும் உண்மையில் இறந்தவைதாமா?

கருப்பையிலே சிசுவின் நுரையீரலில் நீர் நிறைந்திருக்கும். பிராணவாயு தாயிடமிருந்து கொப்பூழ்க்கொடி வழியே வரும். பிறந்தவுடன் அந்நீர் அகன்று காற்றுப் புகவேண்டும். நூறு சிசுக்களில் ஏறத்தாழ 85 தாமாகவே மூச்சுவிடும். பத்துச் சிசுக்கள், துணியால் துடைத்து முதுகைத் தேய்த்தால் மூச்சுவிடும். எஞ்சிய ஐந்துக்கோ, கையால் அமுக்கும் பையும் சிறு முகமூடியும் கொண்டு காற்றுச் செலுத்தவேண்டும். அசைவற்றுக் கிடக்கும் அத்தகைய சிசுவின் இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டேயிருக்கும். பிறந்த முதல் நிமிடத்துக்குள் காற்று உள்ளே செல்லவேண்டும். மருத்துவர் அதனைப் பொன்னான நிமிடம் என்பர்.

நம் நாடு இத்துறையிற் பின்தங்கிய நாடன்று. கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை 1879-இலேயே தோன்றிற்று. மலேரியாக் கொள்ளைநோய் வாட்டிய 1935-இல், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 ஓராண்டு நிரம்புமுன் இறந்தன. இன்றோ முதல் 28 நாளில் இறப்பவை ஆயிரத்துக்கு ஐந்தளவே. கொட்டாஞ்சேனையில் இன்று ஒருத்தி வீட்டிலே பிள்ளை பெற்றாள் என்றால் அயலார் வியப்பர்.

இத்தகைய நாட்டுக்கும் சோதனை வந்தது. பையும் முகமூடியும் போதாத சில சிசுக்களுக்கு மூச்சுக்குழாயினுள் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தவேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியவேண்டிய பொருள் அது. அந்நியச் செலாவணி வற்றிய 2022 ஏப்பிரலில், கொழும்புக் காசில் வீதி மகளிர் வைத்தியசாலையின் சிசு நல மருத்துவர் சமன் குமார, அக்குழாய்கள் தீர்ந்துபோகும் நிலையை எடுத்துரைத்து, பயன்படுத்தியவற்றை எறியாது தூய்மைசெய்து வைக்கும்படி பணித்துள்ளதாக எழுதினார். பெரும் யந்திரத்தையன்று, சிறு குழாயொன்றைத் தேடி நாடு தவித்தது.

ஆயத்தம் என்பதன் பொருளை நான் உணர்ந்தது அப்பொழுதுதான். களஞ்சியத்திலே பூட்டியிருக்கும் பை, பிரசவ மேசையருகே இல்லாத பைக்கு ஒப்பாகும். பெரிய முகமூடி சிறு முகத்திற் பொருந்தாது. காற்று வெளியே கசியும். யாவும் கைக்கெட்டினும், பழகாத கை தடுமாறும். பயிற்சியிற் பெற்ற திறன் சில மாதங்களிலேயே மங்குமென்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பிரசவம் குறைந்த சிறிய வைத்தியசாலையிலோ, மூச்சுவிடாத சிசுவை ஒரு தாதி பல மாதம் காணாமலே இருக்கலாம். ஆதலால் நம் வெற்றியே நம்மை மறதியில் ஆழ்த்தக்கூடும். ஒவ்வொரு பணிமுறையின் தொடக்கத்திலும் பையை அமுக்கிப் பார்த்தலும், பொம்மையின் முகத்தில் அடிக்கடி பயிலுதலும் இம்மறதிக்கு மருந்து. இவற்றுக்குப் பெருஞ் செலவில்லை; இடையறாத கவனமே வேண்டும்.

புதிய கட்டடங்களின் திறப்புவிழாச் செய்திகளை நாம் ஆவலுடன் படிக்கின்றோம். அன்பர்களே, இனி அங்கே ஒரு வினாவையும் எழுப்புவோம்: இன்றிரவு இரண்டு மணிக்கு அழாத சிசுவொன்று பிறந்தால், பை எங்கே இருக்கிறது? அதைப் பிடிக்கும் கை கடைசியாகப் பயின்றது எப்போது?