வரிசையில் நிற்காத பிள்ளைகள்

"ஊசி போட வந்திருக்காங்க" என்று ஒரு குரல் எழுந்தால் போதும், எழுபதுகளின் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் பாதி வகுப்பு சுவரேறிக் குதித்துவிடும். அகப்பட்ட பிள்ளைகளுக்குக் கையில் அம்மை குத்தினார்கள். பெற்றோரிடம் அனுமதி கேட்கும் வழக்கமெல்லாம் இல்லை. முரட்டுத்தனமான முறைதான். ஆனாலும் 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை.

2017-இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது பிள்ளைகள் சுவரேறவில்லை. பெற்றோர்தான் ஓடினார்கள். வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிப் பலர் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமைத் தமிழ்நாட்டில் நீட்டிக்க வேண்டியதாயிற்று. கேட்காமல் குத்திய காலத்தைவிட, சொல்லிவிட்டுப் போடும் காலத்தில் வேலை கூடுதல். அது கூடுதலாக இருப்பதே சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பூச்சி மருந்தின் கதை வேறு. முன்பு அது பாட்டிகளின் இலாகா. லீவு நாளில் விடியற்காலையில் விளக்கெண்ணெய், மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றுவார்கள். அன்று முழுக்கக் கொல்லைப்புறமே கதி. 2015-இல் தேசியக் குடற்புழு நீக்க நாள் வந்த பிறகு அது பள்ளிக்கூடத்துக்கு இடம் மாறியது. 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், ஆசிரியர் கண்ணெதிரே மென்று விழுங்க வேண்டும். அன்று வராத பிள்ளைக்குச் சில நாள் கழித்து இன்னொரு வாய்ப்பும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையும் இப்படித்தான்: ஐந்து முதல் பத்து வயது வரை வாரம் ஒன்று, இளஞ்சிவப்பு நிறம், சாப்பிட்ட பிறகு. அதைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து சுவரோரம் துப்புகிற கலையில் நம் பிள்ளைகள் தேர்ந்தவர்கள் என்பது எல்லா டீச்சர்களுக்கும் தெரியும்.

ஆக, வரிசையில் நிறுத்தி மருந்து கொடுப்பதில் நம் பள்ளிகள் அன்றும் கெட்டி, இன்றும் கெட்டி. வரிசையில் நிற்காத மருந்து ஒன்று இருக்கிறது. வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும், குறித்த நேரத்தில், தினமும் தேவைப்படுவது.

அன்று அது காகிதப் பொட்டலமாக வந்தது. "டீச்சர், மத்தியானம் சாப்பிட்டதும் பாதி மாத்திரை குடுத்துருங்க" என்று அம்மா சொல்லிவிட்டு வயலுக்குப் போவார். பொட்டலத்தில் பெயர் இருக்காது, மருந்தின் பெயரும் இருக்காது. அது சாக்பீஸோடு மேசை டிராயரில் கிடக்கும். காய்ச்சல், தலைவலி என்றால் ஆஸ்பிரின் கலந்த பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுத்த ஆசிரியர்களும் உண்டு. காய்ச்சலில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் ஆகாது என்று தெரியவந்ததும், நிமெசுலைடை 12 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என 2011-இல் தடை வந்ததும் பிறகு நடந்தவை. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கிவிடும். பெயர் இரும்புக்குப் போகும். இன்று பயிற்சி பெற்ற ஆசிரியர் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. அந்த வண்டியே தமிழ்நாட்டுக்கு 2008-இல்தான் வந்தது. மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரேயும் இப்போது கிடைக்கிறது.

இன்சுலின் போடும் பிள்ளையின் கதைதான் இன்னும் சிக்கல். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் மதிய உணவுக்கு முன்னும் ஓர் ஊசி வேண்டும். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்த காலத்தில் பள்ளியில் அதற்கு வழியே இல்லை. இன்று பேனா வடிவில் பையிலேயே வருகிறது. ஆனால் போடுவது யார்? ஏழு வயதுக் குழந்தையே போட்டுக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. அம்மா மதியம் பள்ளி வாசலில் வந்து நிற்கிறார், கூலியை இழந்து. பள்ளியில் காலை உணவுத் திட்டம் 2022-இல் வந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு பள்ளியில் சாப்பிடும் பிள்ளைக்கு, கிச்சடி அரை மணி தாமதமானாலே கை நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பசி மயக்கம் என்று நினைத்து மிட்டாய் கொடுத்த பழைய டீச்சர், காரணம் தெரியாமலே சரியான வைத்தியம் செய்திருக்கிறார்.

இத்தகைய பிள்ளைகள் வகுப்பில் சர்க்கரை அளவு பார்க்கவும், ஊசி போட்டுக்கொள்ளவும், இடையில் சாப்பிடவும் அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் 2023-இல் மாநிலங்களுக்கு எழுதியது. அனுமதி சரி, கை யாருடையது? வசதியான தனியார் பள்ளிகளில் நர்ஸ் இருக்கிறார், டைரியில் குறிப்பு போகிறது. இரண்டு ஆசிரியர் மட்டுமே உள்ள தொடக்கப் பள்ளியில், அன்று துணிந்து பாதி மாத்திரை கொடுத்த டீச்சரின் இடத்தில், இன்று பாராசிட்டமால் கொடுக்கவே அஞ்சி வீட்டுக்குப் போன் செய்யும் டீச்சர் இருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏதாவது ஆகிவிட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மருந்தின் பெயர், அளவு, நேரம், பெற்றோர் கையெழுத்து என ஒரு தாள் இருந்தால் பாதி அச்சம் போய்விடும். அதற்கொன்றும் பெரிய செலவில்லை.

ஐந்தாம் வகுப்பு முடிந்து பிள்ளை வேறு பள்ளிக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழ் கொடுப்பார்கள். அதில் எந்த இடத்தில் மச்சம் என்று எழுத இடமுண்டு. மருத்துவ ஆய்வுக்கு உட்பட்டாரா என்றும் நெடுங்காலமாக ஒரு கேள்வி இருக்கிறது. ஆய்வில் என்ன கண்டார்கள், பிள்ளை என்ன மருந்து சாப்பிடுகிறது என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. புதிய பள்ளியில் அம்மா முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறார்.