பழைய நூல்கள் மூன்று

புதிய நூலுக்கு விளம்பரம் துணை; பழைய நூலுக்கோ வாசகரே துணை. ஒருவர் படித்து மற்றவர்க்கு எடுத்துரையாவிடின், எத்துணைச் சிறந்த நூலும் அலுமாரியிலேயே உறங்கிவிடும். ஆதலால், விடுமுறை நாள்களிற் குடும்பத்தினர் கூடியிருந்து படிக்கத்தக்க மூன்று நூல்களை ஈண்டுக் குறிப்பிடுகின்றோம்.

மாணாக்கர் முதலிற் படிக்க வேண்டுவது உ. வே. சாமிநாத ஐயர் அவர்களின் 'என் சரித்திரம்'. 1940 முதல் 'ஆனந்த விகட'னில் வெளிவந்த இவ்வரலாறு, 1942இல் ஆசிரியர் மறைந்தமையால் முற்றுப்பெறவில்லை. கும்பகோணத்தில் 1880ஆம் ஆண்டு, சேலம் இராமசுவாமி முதலியார் அவரை நோக்கி, "சீவக சிந்தாமணி படித்ததுண்டா?" என வினவினார். அவ்வொரு வினாவே ஐயரவர்களை ஏடு தேடும் பணியில் ஈடுபடுத்தியது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. நம் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையைப் பதிப்பித்ததும் அதே ஆண்டிலேயாம்.

இரண்டாவது, கண்டியிற் பிறந்த சித்திலெவ்வை அவர்கள் 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய சரித்திரம்'. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறி ஆறே ஆண்டுகளில் ஈழம் தந்த முதல் தமிழ் நாவல் இது. எகிப்து நாட்டையும் இந்தியாவையும் தொட்டுச் செல்லும் இக்கதை இளைஞரின் ஆவலைத் தூண்டும்.

மூன்றாவது, மங்களநாயகம் தம்பையா அம்மையாரின் 'நொறுங்குண்ட இருதயம்'. 1914இல் வெளிவந்தது. இல்லறத்திற் பெண்கள் படும் துயரை ஒரு பெண்மணியே துணிந்து எழுதினார். தாய்மாரும் பெண்மக்களும் மட்டுமன்றி, ஆடவரும் இதனைப் படித்தல் நன்று.

நூலின் அருமையை நாம் பெருவிலை கொடுத்து அறிந்தவர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. பிறிதோர் இடத்திற் படியில்லாத ஏடு எரிந்தால் அதனை மீட்டல் இயலாது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணையவழித் திட்டம், ஈழத்து நூல்களைப் படியெடுத்து யாவரும் படிக்க உதவுகின்றது.

நெருப்பு ஒரே இரவில் அழிப்பதைக் கறையான் பல்லாண்டில் அழிக்கும். எனவே, பாட்டனார் காலத்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மட்டை கிழிந்த நூலாயினும் பழைய கடதாசி வாங்குவோரிடம் கொடுத்துவிடாது, அறிந்தோரிடம் ஒருமுறை காட்டுங்கள். இரவு உணவின்பின் பிள்ளைகளுள் ஒருவர் நாளொன்றுக்கு ஓர் அதிகாரம் உரக்கப் படிக்க, ஏனையோர் கேட்கட்டும். நூலைக் காக்கும் வழிகளுள் இதுவே எளியது.